காரிமங்கலத்திலிருந்து ஓசூருக்குப் போன பட்டறை

வங்கிக் கடனுக்குப் புராஜெக்ட் ரிப்போர்ட் எழுதிக் கொடுப்பது என் தொழிலில் ஒரு பகுதி. தர்மபுரியில் இருபது வருடமாகச் செய்கிறேன். அரிசி ஆலை, ஹாலோ பிளாக், மாங்கூழ், புளி பாக்கெட், லேத் பட்டறை என எதுவானாலும் ரிப்போர்ட்டில் 'அமைவிடம்' என்று ஒரு தலைப்பு வரும். அதன் கீழே 'மூலப்பொருள், ஆட்கள், மின்சாரம், தண்ணீர், சாலை வசதி அனைத்தும் இவ்விடத்தில் எளிதில் கிடைக்கின்றன' என்று எழுதுவது எங்கள் தொழிலில் வழக்கம். 2014இல் என் மாமா பையனுக்கு எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டிலும் அந்த வரி இருந்தது. கடன் கிடைத்தது, இதே மாவட்டத்துக் காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் ஷெட் எழும்பியது, மெஷின் ஓடியது. 2017இல் அத்தனையையும் கழற்றி லாரியில் ஏற்றி ஓசூருக்குக் கொண்டுபோய்விட்டான்.

ஏன் போனான் என்று யோசிக்கத் தொடங்கியதுதான் இந்த ஆய்வு. ஒரு பட்டறையின் கதையாக ஆரம்பித்தது. தோண்டத் தோண்ட, ஓசூர் எப்படி ஓசூரானது, தர்மபுரி ஏன் இன்னும் காத்திருக்கிறது என்கிற கேள்விக்கே அது கொண்டுபோய் விட்டது.

பட்டறை

அவன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் 11 வருடம் வேலை பார்த்தவன். மெஷினை வேலைக்குத் தயார் செய்து வைக்கும் செட்டராகச் சேர்ந்து சூப்பர்வைசர் வரை வந்தான். சொந்தமாகச் செய்ய ஆசை. தாத்தா வழி நிலம் ஒன்றரை ஏக்கர் நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் கடையும் பழைய சி.என்.சி. மெஷின் இரண்டு, சாதா லேத் ஒன்று, டிரில்லிங் மெஷின் ஒன்று. ஊர்ப் பையன்கள் ஐந்து பேர். வேலை, இருசக்கர வண்டிகளுக்கான புஷ், பின் கடைவது. இரும்புக் கம்பியை ஓசூர்க் கம்பெனியே கொடுத்துவிடும், கடைந்து திருப்பிக் கொடுத்தால் பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. ஜாப் ஒர்க் என்போமே, அதுதான்.

நானும் அவனும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஓசூரில் ஷெட்டுக்கு அட்வான்ஸும் வாடகையும் கொடுக்க வேண்டும், இங்கே வாடகையே கிடையாது. அங்கே ஆள் சம்பளம் அதிகம், வருகிறவனும் ஆறு மாதத்தில் அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவான். இங்கே சம்பளம் குறைவு, மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருகிற பையன்கள். போக்குவரத்துக்கு, வாரம் இரண்டு தடவை டாடா ஏஸ் வண்டி, ஒரு வழிக்கு சுமார் 75 கிலோமீட்டர். அந்த வாடகையை முழுசாகச் சேர்த்த பிறகும் காரிமங்கலம்தான் லாபம் என்று வந்தது. கூட்டல் கழித்தலில் பிழை எதுவும் இருக்கவில்லை.

அவனிடம் ஒரு நோட்டு உண்டு. தினமும் என்ன நடந்தது என்று எழுதி வைக்கும் பழக்கம் கம்பெனியில் வந்தது. ஒரு சனிக்கிழமைப் பக்கத்தை எனக்குக் காட்டினான். காலை 10.40க்கு ஒரு மெஷினில் டூல் இன்சர்ட் முனை உடைந்திருக்கிறது. இரும்பைச் சீவும் விரல் நகம் அளவு துண்டு அது. கையிருப்பில் இருந்தது வேறு கிரேடு, போட்டுப் பார்த்தால் ஃபினிஷ் வரவில்லை. காரிமங்கலத்தில் கிடைக்காது, தர்மபுரியில் இரண்டு கடை பார்த்தும் இல்லை. பைக்கை எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரி போய், அங்கே நிறுத்திவிட்டு பஸ் ஏறி ஓசூர். கடையில் வாங்கியது ஐந்து நிமிடம். திரும்பி வந்து மெஷின் ஓடியபோது மாலை 4.50. ஆறு மணி நேரம் ஒரு மெஷின் சும்மா நின்றது, அதை ஓட்டும் பையன் சும்மா நின்றான். நோட்டில் ஒரே வரி: 'இன்சர்ட், 6 மணி'. ஓசூரில் சிப்காட் என்கிற அரசுத் தொழிற்பேட்டைப் பக்கம் இருந்திருந்தால் டீ குடிக்கப் போகிற வழியில் வாங்கி வந்திருப்பான்.

ஹீட் ட்ரீட்மென்ட் இதைவிடக் கஷ்டம். கடைந்த பின்னைச் சூடேற்றிக் கடினமாக்கினால்தான் கம்பெனி எடுக்கும். அதற்கான ஃபர்னஸ் ஓசூரில். அங்கே சரக்கு நிறைந்தால்தான் அடுப்பில் ஏற்றுவார்கள், சின்னப் பார்ட்டி காத்திருக்க வேண்டும். எடுத்துப் பார்த்தால் ஒரு கூடையில் கடினத்தன்மை குறைவாக இருக்கும், மறுபடி ஏற்ற வேண்டும். பக்கத்து ஷெட்டுக்காரன் போன் செய்தால் நடந்து போய்ப் பார்த்துக்கொள்வான். இவன் ஒவ்வொன்றுக்கும் பஸ் ஏறினான்.

அப்புறம் ராத்திரி வரும் போன். 'உங்க லாட்ல சைஸ் ஓவரா இருக்குங்க, காலைல எட்டு மணிக்குள்ள ஆள் வந்து பிரிச்சுக் கொடுங்க, இல்லேன்னா லைன் நின்னுடும்.' லைன் நின்றால் அந்தக் கணக்கு இவன் தலையில் விழும். விடியற்காலை மூன்று மணிக்கு இரண்டு பையன்களை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போவான். அன்றைக்கு இங்கே பட்டறை பாதிதான் ஓடும்.

ஒரு மாதத்தை மட்டும் நான் எண்ணிப் பார்த்தேன். 27 தடவை ஓசூர் போய் வந்திருக்கிறான். அதில் சரக்கு ஏற்றிக்கொண்டு போனது 9. மீதி 18 தடவை கையில் ஒரு டிராயிங்கோ, அளவு சரிபார்க்க வேண்டிய ஒரு கேஜோ, வெறும் பதிலோ கொண்டு போன பயணங்கள். ரிப்போர்ட்டில் நாங்கள் சேர்த்தது அந்த 9ஐ மட்டும்தான். பட்டறையைத் தின்றது அந்த 18.

வெபர் போட்ட கணக்கு

பள்ளிப் புவியியலில் எல்லோரும் படித்திருப்போம். ஆல்ஃபிரட் வெபர் என்கிற ஜெர்மானியர் 1909இல் ஒரு கோட்பாடு சொன்னார். தொழிற்சாலை எங்கே அமையும் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கும்: போக்குவரத்துச் செலவு, ஆள் கூலி, ஒரே இடத்தில் பல தொழில்கள் கூடுவதால் வரும் சேமிப்பு. முதலில் போக்குவரத்தைப் பார், பிறகு மலிவான கூலி அந்த இடத்திலிருந்து உன்னை இழுக்கிறதா என்று பார், கடைசியில் கூட்டம் இழுக்கிறதா என்று பார் என்பது அவர் வரிசை. எங்கள் பக்கத்துத் தொழில்களை அந்தக் கண்ணால் பார்த்தால் பல விஷயம் விளங்கும்.

மாங்கூழை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் மாம்பழத்துக்குப் பெயர் போன மாவட்டம் கிருஷ்ணகிரி. கூழுக்குப் போவது பெரும்பாலும் பெங்களூரா ரகம், கிளிமூக்கு என்றும் சொல்வார்கள். ஒரு டன் மாங்காய் ஆலைக்குள் போனால் தோலும் கொட்டையும் நாரும் கழிந்து, பாதியைக் கொஞ்சம் தாண்டித்தான் கூழாக வெளியே வரும். அந்தக் கொட்டையையும் தோலையும் நூறு இருநூறு கிலோமீட்டர் லாரியில் சுமந்துகொண்டு போவானேன்? பழமோ பழுத்த பிறகு அதிக நாள் தாங்காது. கூழாக்கிச் சூடுபடுத்திக் காற்றுப் புகாத பையில் அடைத்து டிரம்மில் வைத்துவிட்டால் மாதக்கணக்கில் கெடாது, கப்பலேறி அரபு நாடு வரை போகும். அதனால் ஆலை தோப்பைத் தேடி வந்தது. கிருஷ்ணகிரியைச் சுற்றிக் கூழ் ஆலைகள் அமைந்ததற்கும், எல்லை தாண்டிச் சித்தூர்ப் பக்கம் இன்னொரு கூட்டம் இருப்பதற்கும் காரணம் இதுதான். சீசன் முடிந்தால் பல மாதம் மெஷின் சும்மா கிடக்கும். அந்தச் செலவும் சேர்த்துத்தான் காய்க்கு விலை போடுவார்கள், அதனால்தான் விளைச்சல் நன்றாக இருக்கிற வருடத்தில் விவசாயிக்கும் ஆலைக்கும் தகராறு வருகிறது.

கரும்பும் அப்படியே. ஒரு டன் கரும்பில் சுமார் 90, 100 கிலோ சர்க்கரை. வெட்டிய கரும்பு காத்திருக்கக் காத்திருக்க சர்க்கரைச் சத்து இறங்கும். பாலக்கோட்டிலும் அரூர்ப் பக்கம் கோபாலபுரத்திலும் கூட்டுறவு ஆலைகள் வயலுக்கு நடுவில் நிற்பது அதனால்தான். மழை பொய்த்துக் கரும்பு குறைந்தால் அந்த ஆலைகளும் கூடவே தள்ளாடும். மூலப்பொருளை நம்பி வந்த தொழிலுக்கு அந்த ஆபத்து எப்போதும் உண்டு.

பட்டுக்கூடு என்னை நிறைய யோசிக்க வைத்தது. ஒரு கிலோ நூலுக்கு ஆறேழு கிலோ கூடு வேண்டும். கூட்டைத் துளைத்துக்கொண்டு அந்துப்பூச்சி வெளியே வருவதற்குள் விற்றாக வேண்டும். வெபர் கணக்குப்படி நூற்பு இங்கேயே பெருக வேண்டும். தர்மபுரியில் அரசு பட்டுக்கூடு அங்காடியும் இருக்கிறது. ஆனாலும் எங்கள் விவசாயிகள் பலர் கூட்டை மூட்டை கட்டிக்கொண்டு கர்நாடகத்து ராமநகரத்துக்குப் போவார்கள். கேட்டால், 'அங்க வாங்கறவங்க நிறைய பேருங்க, ஏலத்துல ரேட் ஏறும்' என்பார்கள். நூற்பவர்கள் ஒரே ஊரில் கூடிவிட்டார்கள், அந்தக் கூட்டத்தின் இழுப்பு எடைக் கணக்கை வென்றுவிட்டது.

மாமா பையன் விஷயத்திலும் இதுதான். அவனுக்கு மூலப்பொருள் இருந்த இடம் ஓசூர், சந்தை இருந்த இடமும் அதே ஓசூர். நடுவில் கடைவதற்கு மட்டும் 75 கிலோமீட்டர் தள்ளி வந்திருக்கிறான். மலிவான கூலி அந்தத் தூரத்தை ஈடுகட்டும் என்று நாங்கள் நம்பினோம். கூட்டத்தை விட்டு வந்ததற்கான விலை எங்கள் தாளில் எங்கேயும் இல்லை.

ஒரே மாவட்டம், ஒரே சலுகை

ஓசூர் ஏன் வளர்ந்தது என்று கேட்டால் எங்கள் பக்கம் நிறையப் பேர் சொல்லும் பதில், 'அரசாங்கம் சலுகை கொடுத்துச்சு'. உண்மைதான். சிப்காட் 1971இல் தொடங்கப்பட்டது. அந்தப் பத்தாண்டிலேயே ஓசூரில் மனை பிரித்துச் சாலை போட்டு மின்சாரம் கொடுத்தார்கள். பின்தங்கிய பகுதி என்பதால் மானியம், வரிச் சலுகை எல்லாம் உண்டு.

ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறோம். 1965இல் சேலத்திலிருந்து பிரிந்த தர்மபுரி மாவட்டத்தில்தான் ஓசூரும் இருந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது 2004இல். அந்த 39 வருடமும் ஓசூருக்கும் தர்மபுரிக்கும் ஒரே கலெக்டர். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி போகும் ஒரே நெடுஞ்சாலை இரண்டு ஊரையும் தொட்டுப் போகிறது. பின்தங்கிய பகுதி என்றால் தர்மபுரி ஓசூரைவிட ஒரு படி அதிகமாகவே பின்தங்கியிருந்தது. சலுகைதான் காரணம் என்றால் தொழில் இங்கேயும் வந்திருக்க வேண்டும் அல்லவா?

இன்னொரு விஷயம் உருக்கு விலை. இரும்பு உருக்கை நாடு முழுக்க ஏறத்தாழ ஒரே விலைக்குக் கொடுக்கும் சரக்குக் கட்டணச் சமன் கொள்கை 1950களில் தொடங்கி 1990களின் ஆரம்பம் வரை இருந்தது. பிலாய் ஆலைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கும் ஓசூரில் இருப்பவருக்கும் தகட்டின் விலையில் பெரிய வித்தியாசம் கிடையாது. நிலக்கரியும் இரும்புத் தாதும் வைத்திருந்த ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பகுதி மக்களுக்கு அது பெரிய இழப்பு. அவர்கள் மண்ணுக்கு இயற்கை கொடுத்திருந்த சாதகத்தை எடுத்து நம்மைப் போன்ற ஊர்களுக்குப் பங்கு போட்டார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. சுரங்கமே இல்லாத ஓசூரில் லாரி கட்ட முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அந்த விலை தர்மபுரிக்கும் பொருந்தும்.

ஆக, மிஞ்சுவது தூரம். ஓசூரிலிருந்து பெங்களூர் சுமார் 40 கிலோமீட்டர். தர்மபுரியிலிருந்து 130க்கு மேல்.

அந்தக் காலத்துப் பெங்களூரில் என்னென்ன இருந்தது என்று பாருங்கள். 1940இல் விமானம் செய்யும் எச்.ஏ.எல்., 1948இல் தொலைபேசிக் கருவி செய்யும் ஐ.டி.ஐ. கம்பெனி, 1953இல் மெஷின் செய்யும் எச்.எம்.டி., அடுத்த வருடம் மின்னணுக் கருவி செய்யும் பி.இ.எல். டீசல் எஞ்சினுக்குப் பம்பு செய்யும் மைக்கோ ஆலை இருந்த ஆடுகோடி ஓசூர் சாலையிலேயே இருக்கிறது. இந்தப் பெரிய ஆலைகளைச் சுற்றி டூல் ரூம், டை செய்பவர்கள், கிரைண்டிங், பிளேட்டிங் என்று நூற்றுக்கணக்கான சின்னப் பட்டறைகள். ஒரு தலைமுறை மெஷினிஸ்டுகள் அங்கே கை பழகியிருந்தார்கள். ஓசூரில் ஆலை போட்டவருக்கு இவ்வளவும் காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்புகிற தூரத்தில் கிடைத்தது. எஞ்சினியர்கள் பெங்களூரிலேயே குடும்பத்தை வைத்துக்கொண்டு தினமும் வந்து போனார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று அவர்கள் கேட்டது அங்கே இருந்தது. நிலமும் சலுகையும் எல்லைக்கு இந்தப் பக்கம்.

எண்ணூரில் லாரி கட்டிக்கொண்டிருந்த அசோக் லேலண்ட் 1980இல் ஓசூருக்கு வந்தது. அதே வருடம் டி.வி.எஸ். 50 மொபெட் ஓசூரிலிருந்து வெளியே வந்தது. இரண்டுமே சென்னையில் தலைமையகம் கொண்ட நிறுவனங்கள், அவை சென்னையிலிருந்து 300 கிலோமீட்டர் தள்ளி வந்து பெங்களூர் ஓரமாக உட்கார்ந்ததைக் கவனிக்க வேண்டும். 1984இல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டன் தொடங்கின. கைக்கடிகாரத்துக்கு எடை என்ன இருக்கிறது? எங்கே வேண்டுமானாலும் செய்து அனுப்பலாம். ஆனால் கடிகார வேலை தெரிந்த ஆட்கள் பெங்களூரில் இருந்தார்கள். எச்.எம்.டி. ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து 1960களிலேயே அங்கே கடிகாரம் செய்யத் தொடங்கியிருந்தது. கூடவே, மாநில அரசே பங்குதாரராக இருக்கும்போது ஆலை தமிழ்நாட்டு மண்ணில்தான் வரும். இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் வரைபடத்தில் ஓசூரைத் தவிர வேறு புள்ளி கிடைக்காது. டைட்டன் கிராமத்துப் பிள்ளைகளைப் பள்ளி முடித்த கையோடு எடுத்துப் பழக்கியது. எங்கள் ஊரிலிருந்து அப்படிப் போன அக்கா ஒருவர் விடுமுறைக்கு வரும்போது சொந்தச் சம்பளத்தில் வாங்கிய கடிகாரம் கையில் இருக்கும். நாங்கள் சுற்றி நின்று பார்ப்போம்.

எல்லையால் தொல்லையும் உண்டு. பெங்களூரிலிருந்து ஒரு பெட்டி போல்ட் வருவதென்றாலும் அத்திப்பள்ளி, ஜுஜுவாடி சோதனைச் சாவடிகளில் தாள் காட்ட வேண்டும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து அந்த வரிச் சாவடிகள் எடுக்கப்படும் வரை லாரிகள் வரிசை கட்டி நிற்பது அன்றாடக் காட்சி. அதைத் தாங்கிக்கொண்டும் தொழில் ஓசூரை விடவில்லை.

ஆளைத் தேடி வரும் பஸ்

கிருஷ்ணகிரியைத் தாண்டித் தெற்கே தொழில் வராததற்குத் தண்ணீரும் படிப்பும் காரணங்கள் என்பார்கள். 2011 கணக்கெடுப்பில் தர்மபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.5 சதவீதம், தமிழ்நாட்டிலேயே கடைசி. இதை நான் தலை குனிந்துதான் எழுதுகிறேன். பென்னாகரம், அரூர் மலையடிவாரத்து ஊர்களிலிருந்து பெங்களூர்க் கட்டட வேலைக்குக் குடும்பத்தோடு போகிறவர்களின் பிள்ளைகள் எந்த ஊர்ப் பள்ளியில் தொடர்ந்து படிக்க முடியும்?

தண்ணீர் விஷயம் வெளியூர்க்காரருக்குப் புரியாது. ஒகேனக்கல்லில் காவிரி கொட்டுகிறதே என்பார்கள். ஆறு பள்ளத்தில் ஓடுகிறது, ஊர்கள் மேட்டில் இருக்கின்றன. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு, பல்லில் கறை படிந்த பெரியவர்களை இன்றைக்கும் பார்க்கலாம். காவிரி நீரை மேலே ஏற்றி வீட்டுக்குக் கொடுக்கவே ஜப்பான் நிதியுதவியோடு 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வேண்டியிருந்தது. 2008இல் அடிக்கல், 2013இல் திறப்பு. குடிக்கவே இவ்வளவு பாடு என்கிற இடத்தில் சாயப்பட்டறை, காகித ஆலை போல நீரை விழுங்கும் தொழிலை யாரும் யோசிக்க மாட்டார்கள், யோசிக்கவும் கூடாது. ஓசூர்ப் பக்கம் வேறு விதம். பெங்களூர்க் கழிவு தென்பெண்ணையில் கலந்து கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குவதை மழைக்காலத்தில் போய்ப் பார்த்தால் வயிறு எரியும்.

ஆனால் ஆள் விஷயம் இந்தப் பத்து வருடத்தில் தலைகீழாகிவிட்டது. முன்பு ஆலை இருக்கும் ஊருக்கு ஆள் குடிபோனார்கள். இப்போது ஆலை பஸ் அனுப்புகிறது. விடியற்காலை நாலு மணிக்குத் தர்மபுரி நான்கு ரோட்டில் நின்று பாருங்கள். வரிசையாகக் கம்பெனி பஸ்கள், ஏறுகிறவர்களில் பெண்பிள்ளைகள் நிறைய. செல்போன் பாகம், எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு ஓசூர்ப் பக்கம் போகிறார்கள். ஷால் தலையைச் சுற்றியிருக்கும், டிபன் பாக்ஸ் மடியில், பஸ் நகர்வதற்குள் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். வீட்டுக்கு வர மாலை ஐந்தாகும். சம்பளத்தைக் கொண்டுவந்து தம்பி படிப்புக்கும் வீட்டுக் கடனுக்கும் கொடுக்கிறார்கள். நான் அவர்களை மிகவும் மதிக்கிறேன். தொழில் நம் ஊருக்கு வராததின் விலையை இன்றைக்குக் கட்டுவது அந்தப் பிள்ளைகளின் தூக்கம்.

போச்சம்பள்ளிக்கு வந்தது ஏன்

சரி, கூட்டத்தை விட்டுத் தள்ளி அமைந்த ஆலை எதுவும் இல்லையா? இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் பெயர் போன போச்சம்பள்ளியில் ஓலா எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஆலை வந்தது. 2020 டிசம்பரில் அரசோடு ஒப்பந்தம், 2,400 கோடி ரூபாய் முதலீடு, 500 ஏக்கர். அவ்வளவு நிலம் ஒரே துண்டாக ஓசூரில் இனிக் கிடைக்காது. கிருஷ்ணகிரி சாலைச் சந்திப்பைத் தொட்டால் சென்னைக்கு ஒரு சாலை, பெங்களூருக்கு ஒன்று, சேலத்துக்கு ஒன்று. குருபரப்பள்ளி சிப்காட்டில் டெல்டா எலக்ட்ரானிக்ஸ் அமைந்ததும் இதே சாலைகளை நம்பித்தான். ரயிலை நம்பி என்று சொல்ல முடியாது, ஏனென்றால் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு இருந்த பழைய குறும்பாதையை இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பிடுங்கிவிட்டார்கள், இன்றுவரை அந்த நகருக்கு ரயில் இல்லை.

பெரிய ஆலைக்கும் சின்னப் பட்டறைக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு இங்கேதான் பிடிபட்டது. 500 ஏக்கரில் வருகிறவர் தனக்கு வேண்டியதைத் தானே கொண்டுவருவார். சொந்த டூல் ரூம், சொந்தப் பரிசோதனைக் கூடம், சொந்த பஸ், துணை மின் நிலையம் வரை. பத்து ஆள் வைத்திருப்பவன் பக்கத்து ஷெட்டை நம்பிப் பிழைக்கிறான். அடுப்பு ஒருவனிடம், கிரைண்டிங் இன்னொருவனிடம், கேஜ் மூன்றாவது தெருவில். அரசாங்கம் கொடுக்கும் நிலமும் மானியமும் முதல் ஆளுக்கு ஒத்துவரும். இரண்டாவது ஆளுக்கு வேண்டியது அக்கம்பக்கம், அதை எந்தச் சலுகை ஆணையிலும் எழுத முடியாது.

நிலமும் இப்போது சும்மா கிடப்பதில்லை. உத்தனப்பள்ளிப் பக்கம் சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் எடுக்க வந்தபோது விவசாயிகள் நீண்ட நாள் போராடினார்கள். ரோஜாவும் காய்கறியும் விளைகிற மண் அது. ஓசூர் ரோஜாவும் பெங்களூர் விமான நிலையத்தை நம்பி வளர்ந்த தொழில்தான். ஒரு தொழிலுக்கு இடம் தேடும்போது இன்னொரு தொழிலின் இடத்தைப் பறிக்கிறோமா என்று பார்க்க வேண்டும். மானாவாரி நிலத்தையும் பசுமைக்குடில் நிலத்தையும் ஒரே கோப்பில் 'நிலம்' என்று எழுதுவது தவறு.

இப்போது தர்மபுரியில்

தர்மபுரிக்கு சிப்காட் வரும் என்று பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். நல்லம்பள்ளி வட்டத்தில் அதியமான்கோட்டை, தடங்கம் பக்கம் நிலம் ஒதுக்கும் வேலை நடந்திருக்கிறது. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக வரும் 844ஆம் எண் நெடுஞ்சாலை நான்கு வழியாகிறது. அந்தச் சாலை எனக்குப் பெரிய நம்பிக்கை கொடுக்கிறது. கிருஷ்ணகிரி சுற்றாமல் ஓசூருக்கும் பெங்களூருக்கும் நேராகப் போகலாம். 75 கிலோமீட்டரைக் குறைக்க முடியாது, ஆனால் மாமா பையன் பைக்கிலும் பஸ்ஸிலும் அலைந்த ஆறு மணி நேரத்தை நிறையக் குறைக்க முடியும்.

மனை பிரிப்பதற்கு முன்னால் இங்கே ஒரு பொது வசதி மையம் கட்டுங்கள் என்று மாவட்டத் தொழில் மையக் கூட்டங்களில் கேட்டு வருகிறேன். ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் ஃபர்னஸ், அளவு கருவி சரிபார்க்கும் கூடம், நல்ல டூல் கடை இரண்டு, மெஷின் பழுது பார்க்கும் ஆள் நாலு பேர். இது வந்தால் ஓசூரில் வேலை பார்க்கும் எங்கள் பையன்களில் பலர் கிளம்பி வருவார்கள். அவர்களிடம் தொழில் இருக்கிறது, ஆர்டர் கொடுக்கும் கம்பெனிகளின் பழக்கம் இருக்கிறது, ஊரில் நிலமும் இருக்கிறது. முதலில் ஒரு பெரிய ஆலை வரட்டும், சின்னது தானாக வரும் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். பெரிய ஆலை தன் தேவையைத் தானே பார்த்துக்கொண்டு மதிலுக்குள் இருந்துவிட்டால் ஊருக்கு மிஞ்சுவது செக்யூரிட்டி வேலையும் பஸ் ஓட்டும் வேலையும்தான் என்று பதில் சொன்னேன். அதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை.

ரிப்போர்ட் எழுதும் முறையையும் மாற்றிவிட்டேன். அமைவிடம் என்கிற தலைப்பின் கீழே இப்போது ஒரு அட்டவணை போடுகிறேன். மெஷின் நின்றால் யார் வருவார், எத்தனை மணி நேரத்தில்? டூல் எங்கே வாங்குவது? அடுத்த கட்ட வேலை செய்பவர் எவ்வளவு தூரம்? வாங்கிப்போன சரக்கைக் கம்பெனி திருப்பினால் அங்கே போய்ப் பிரிக்க ஆள் யார்? வங்கி மேலாளர்கள் சிலர் இதெல்லாம் படிவத்தில் இல்லையே என்கிறார்கள். விண்ணப்பதாரர் படித்துப் பார்க்கட்டும் என்று சேர்த்தே கொடுக்கிறேன். இரண்டு பேர் அந்த அட்டவணையைப் பார்த்துவிட்டு இடத்தை மாற்றியிருக்கிறார்கள். ஒருவர் லேத் யோசனையை விட்டுவிட்டுப் புளி பாக்கெட்டுக்குப் போனார். புளி இங்கே கொட்டிக் கிடக்கிறது, கொட்டை எடுத்தால் எடை குறையும், அவருக்கு இந்த ஊர்தான் சரி.

மாமா பையன் ஓசூரில் நன்றாக இருக்கிறான். இரண்டு மெஷின் நாலாகிவிட்டது. காரிமங்கலம் ஷெட்டைச் சீசனில் மாங்காய் வியாபாரிக்கு வாடகைக்கு விடுகிறான், மற்ற மாதங்களில் பூட்டியிருக்கிறது. மின் இணைப்பை மட்டும் துண்டிக்கவில்லை, மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறான். போன பொங்கலுக்கு வந்தபோது சிப்காட் நிலம் அளப்பதைப் பற்றிச் சொன்னேன். சாலையைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

'மச்சான், ஃபர்னஸ் போட யாராச்சும் வர்றாங்களா, அதை மட்டும் விசாரிச்சுச் சொல்லு' என்றான்.